அப்பாவ மீட்டுக் குடுத்தவங்களுக்கு, அந்த எலிகளுக்கும் சேத்து

வணக்கமுங்க. ஹார்ட் அட்டாக்குல இருந்து பொழச்சு அப்பா வீட்டுக்கு வந்து நாப்பது நாளாச்சு, ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணி சொல்லோணும்னு நெனச்சு நெனச்சே தள்ளிப்போயிருச்சு, அதான் எல்லாருக்கும் சேத்து இங்கயே எழுதிடறேன்.

மொதல்ல பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு. ஐப்பசி மழையில ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்புட்டதும் லுங்கியோட கார எடுத்துட்டு வந்தாரு. தாராபுரத்துல ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, கோயமுத்தூர் போகச் சொன்னாங்க, அதுக்குள்ள அப்பா பின் சீட்டெல்லாம் வாந்தி, மாமா ஒரு வார்த்தை பேசல, கண்ணாடிய மட்டும் எறக்கி விட்டாரு.

நாங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப எங்க காட்டுல வெதைக்காக வளக்கற கண்வலிப் பூவுக்கு (செங்காந்தள்) மகரந்தம் தொட்டு வெச்ச அக்காங்களுக்கும் பெரிய கும்பிடு. பூ விரிஞ்சதும் கையால தொட்டு வெக்கலைன்னா காய் சரியா புடிக்காதுன்னு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

அப்பறம் டாக்டரம்மா. ரத்தக்கொழாய் அடைப்ப விரிச்சு வெக்கற ஸ்டென்ட்ங்கற சின்ன வலைக்கொழாய் வெச்ச மூணாம் நாள் அப்பா கேட்டாரு, "கொழுப்பு மாத்திரை திங்கறேன், ரிப்போர்ட்டும் நல்லாத்தான இருந்துச்சு, எப்படிங்க அடச்சுது?" அவங்க மருந்துச் சீட்டோட பின்பக்கத்துல ஒரு கொழாய் வரைஞ்சாங்க. ரத்தக்கொழாய் செவுத்துக்குள்ள புகுந்த கொழுப்ப தின்னு தீக்க நம்ம வெள்ளணுவே உள்ள போகுது, தின்னு தின்னு நுரையாட்டம் ஊதி அங்கயே சாகுது, அந்த எடம் புண்ணாட்டம் வீங்கிட்டே இருக்குது, ஒருநாள் வெடிச்சா அதுமேல ரத்தம் உறையுதுன்னாங்க. அப்பா உடனே, "விருந்துக்கு வந்தவன் பந்தியிலயே செத்த கதையாட்டம்னு சொல்லுங்க." நர்ஸம்மாவுக்கு சிரிப்பு தாங்கல.

டாக்டரம்மா இன்னும் சொன்னாங்க: ஏற்கனவே ஹார்ட் அட்டாக் வந்த 10,061 பேர்த்த வெச்சு நடத்துன ஒரு ஆராய்ச்சி முடிவு 2017ல வந்துச்சாம், கொழுப்ப தொடாம அந்த வீக்கத்த மட்டும் கொறைக்கற ஊசி, அதுல 150 மில்லிகிராம் போட்டவங்களுக்கு மறுபடி அட்டாக், பக்கவாதம், இதய சாவு எல்லாம் சேத்து 15 சதவீதம் கொறஞ்சுச்சு, ஆனா தொற்றுல செத்தவங்க கொஞ்சம் கூடுனதால அந்த ஊசி இதயத்துக்குன்னு வரவே இல்ல. யாருன்னே தெரியாத அந்த பத்தாயிரம் பேருக்கும் நன்றிங்க. பிரஷர்லயும் இந்த வெள்ளணுக்களுக்கு பங்கு இருக்குதாம்: 2007ல அமெரிக்காவுல அட்லாண்டால, டி செல்ங்கற ஒரு வகை வெள்ளணு இல்லாத எலிகளுக்கு பிரஷர் ஏத்தற மருந்து குடுத்தும் அவ்வளவா ஏறல, டி செல்ல திருப்பி ஏத்துனதும் ஏறுச்சாம். அதுகளுக்கும் ஒரு நன்றி. இதவெச்சு பிரஷருக்கு புது மாத்திரை வந்துருச்சான்னு கேட்டேன், இல்ல, உப்ப கொறைங்கன்னாங்க.

டாக்டரம்மா சீட்டுல கடைசியா எழுதுனது அந்த வீக்கத்த கொறைக்கற கோல்ச்சிசின் மாத்திரை, 0.5 மில்லிகிராம். அப்பா சீட்ட வாங்கிப் பாத்துட்டு, "அம்மணி, இது நம்ம கண்வலி வெதையில எடுக்கறதுல்ல!" கனடாக்காரங்க முன்னின்று நடத்தி 2019ல வந்த ஆராய்ச்சில 4,745 பேர்ல நல்ல பலன் குடுத்துச்சு, 2024ல வந்த இன்னும் பெரிய ஆராய்ச்சில பலன் தெரியல, ரெண்டையும் மறைக்காம சொல்லித்தான் டாக்டரம்மா குடுத்தாங்க, அந்த நேர்மைக்கே தனியா ஒரு நன்றி. சில ஆன்டிபயாடிக்கோட இது சேந்தா வெஷமாயிரும், கேக்காம எதையும் திங்காதீங்கன்னு அட்டையிலயே எழுதிக் குடுத்த மெடிக்கல் தம்பிக்கும்.

காட்டுல வெளையறதுதானன்னு யாரும் வெதைய வாயில வெச்சுறாதீங்க, உசுரு போயிரும்.

மாமா, டீசல் காசு வேண்டாம்னுட்டீங்க, அந்த சீட் கவர் காசையாவது வாங்கிக்கோங்க.