லேஅஹியை வெட்டிய ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். ஹவாயின் ஓவாஹு தீவு பற்றிய என் கட்டுரையைச் சென்ற இதழில் வெளியிட்டதற்கு நன்றி. மலையின் பெயர் மட்டும் நான் எழுதியபடி வரவில்லை. 'லேஅஹி' என்று இருந்த இடத்திலெல்லாம் 'டயமண்ட் ஹெட்' ஆகியிருக்கிறது. கேட்டால், வாசகர்களுக்குப் பழகிய பெயர் அதுதான் என்கிறீர்கள்.

232 மீட்டர் உயர எரிமலை முகட்டில் மின்னிய கால்சைட் படிகங்களை வைரம் என்று நம்பி ஏமாந்த பிரிட்டிஷ் மாலுமிகளின் கதையை விட்டுவைத்திருக்கிறீர்கள். அந்த முகடு சூரை மீனின் நெற்றிபோல இருக்கிறதென்று எரிமலைத் தெய்வம் பெலேயின் தங்கை ஹியியாகா 'லேஅஹி' என்று பெயர் வைத்த கதையை எடுத்துவிட்டீர்கள். இடப் பற்றாக்குறையாம்.

பழகிய பெயர் என்கிறீர்களே, எப்படிப் பழகியது? 1893இல் ஹவாய் ராணி லிலியுவோகலானியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. வீட்டில் பேசும் ஹவாய் மொழியை வகுப்பில் பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அவர்களில் பலர் பெற்றோரானபோது, நம் பிள்ளையாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். பாட்டி பேசுவது பேத்திக்குப் புரியாமல் போனது இப்படித்தான். 1978இல் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்றானது. அப்புறம் 1984இல், காவாய் தீவில் ஒரு மழலையர் பள்ளியைத் தொடங்கி, குழந்தைகளைப் பேசவைப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டு மீட்கிற மொழியில் ஒரு பெயர், மூன்றெழுத்துக்கு மேல் இல்லை, அதற்கு நம் பக்கத்தில் இடமில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: முதலில் லேஅஹி, அடைப்புக்குறிக்குள் டயமண்ட் ஹெட். ஹோனலூலூக்காரர்களே வழி சொல்லும்போது 'டயமண்ட் ஹெட் பக்கம்' என்பார்கள், அரசுப் பூங்காவின் பெயரும் அதுதான். அதனால் நீக்கச் சொல்லவில்லை.

நம் பயணக் கட்டுரைகளே இப்படித்தான். விடுதியின் காலைச் சாப்பாட்டுக்கு அரைப்பக்கம் உண்டு, விடுதியின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருக்காது. மலை விளம்பரம் தருவதில்லை, பாவம். சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதலில் லேஅஹி, பிறகு மற்றது. ஹவாயின் மௌனா கேயா மலை பற்றியும் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். இந்தத் திருத்தம் அச்சில் வந்ததும் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்