வீட்டுப்பாடம் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகிற சாலையில், செக்கானூரணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மிஷின். அவ்வளவுதான் கடை. பள்ளிக்கூடங்களில் இணையவழிப் பாடம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று உங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் செய்திகளைப் படிக்கிறேன். கூடவே வரும் படத்தில் ஒரு பிள்ளை துடைத்து வைத்த மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கம் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பது என் கடை ஸ்டூலில். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும். வெட்டிப் போட்டாலும் சரி, வேன்காரர் வீட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பள்ளிக்குப் பள்ளி இதற்குப் பெயர் வேறு. ஓரிடத்தில் போர்ட்டல், ஓரிடத்தில் ஆப், இன்னும் கொஞ்சம் பெரிய பள்ளி என்றால் எல்எம்எஸ். வேலை ஒன்றுதான். ஆசிரியர் பாடத்தையும் வீடியோவையும் வீட்டுப்பாடத்தையும் அதில் ஏற்றுவார். பிள்ளை எழுதி அதிலேயே அனுப்ப வேண்டும். மதிப்பெண், வருகை, பீஸ் பாக்கி எல்லாம் அதிலேயே தெரியும். கடைக்கு வரும் அப்பத்தாக்கள் இதை 'ஆப்பு' என்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கடைக்கு வந்து பாருங்கள். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் போன், இடுப்பில் சின்னப் பிள்ளை என்று தாய்மார்கள் நிற்பார்கள். "அண்ணே, இதை ஏத்தி விடுங்க." நோட்டில் ஒன்பது பக்கம். வீட்டிலேயே ஒன்பதையும் போட்டோ எடுத்து ஏற்றப் பார்த்திருப்பார்கள். ஒரு போட்டோவே நாலு எம்பி. அவர்கள் பள்ளி போர்ட்டல் மொத்தமாகவே ஐந்து எம்பிக்கு மேல் வாங்காது. 'ஃபைல் பெரிது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், அது அவர்களுக்குப் புரியாது. நான் ஸ்கேன் செய்து, கருப்பு வெள்ளையாக்கி, ஒன்பது பக்கத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கினால் ஒரு எம்பிகூட வராது. இரண்டு நிமிட வேலை, பத்து ரூபாய். போனிலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்று சொல்லியும் கொடுக்கிறேன். பாதிப் பேருக்கு போனில் இன்னொரு ஆப் ஏற்ற இடம் இல்லை.

சாயங்கால வசூலில் சரிபாதி இப்போது இதில்தான் வருகிறது. ஆக, நான் எழுதுவது என் வயிற்றுக்கு எதிராகத்தான். பரவாயில்லை.

வேன்காரர் வீட்டுக்கு வருகிறேன். கருமாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர். விடியுமுன் மொட்டாகப் பறித்தாக வேண்டும், விரிந்துவிட்டால் விலை இல்லை. அந்தப் பூவை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிற மினி வேன் அப்பாவுடையது. பூவை இறக்கிய பிறகு மதுரைக்குள்ளேயே கிடைக்கிற லோடு அடித்துவிட்டு, வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். லோடு வருவதே அந்த போனில்தான் என்பதால் அது அப்பாவோடு போய்விடும். பையன் எட்டாம் வகுப்பு, தனியார் பள்ளி. பள்ளி போர்ட்டலில் வீட்டுப்பாடம் அனுப்ப வேண்டிய நேரம் இரவு எட்டு.

பையன் ஆறு மணிக்கே எழுதி முடித்துவிடுகிறான். போன் ஒன்பதரைக்கு வருகிறது. அனுப்பினால் 'லேட்' என்று சிவப்பில் விழுகிறது. ஒரு பருவத்தில் மட்டும் 23 சிவப்பு. பெற்றோர் கூட்டத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டி, "உங்க பையன் ரெகுலரா இல்லையேம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா மறுநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு, கோடு கிழித்து, அழகாக எழுதியிருக்கிறான். ஒரு நாள் பாக்கி இல்லை. பறித்துப் பறித்துக் கறுத்துப்போன விரலால் திரையைத் தொட்டுக் காட்டி அவர் கேட்டார்: "அந்தச் செவப்ப மட்டும் அழிச்சு விட்ருங்கண்ணே. எம்புட்டு ஆகும்?"

ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு என்று நினைத்துக் கேட்டார். என்னால் முடியாது, ஆசிரியர்தான் மாற்ற முடியும் என்றேன். அவர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் என் அண்ணன் மகனிடம் கேட்டேன். அவன் இன்ஜினியரிங் படிப்பவன், அவன் கல்லூரியில் இதே வேலைக்கு மூடில் என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் தொடங்கி 2002இல் வெளியிட்டது. யாரும் காசு கொடுக்காமல் இறக்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆசிரியர் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று அதில் காட்டினான். கெடு இரண்டு வகை. ஒன்று தாண்டினால் 'தாமதம்' என்று குறிக்கும், ஆனால் வாங்கிக்கொள்ளும். மற்றது தாண்டினால் கதவு மூடிவிடும். இரண்டையும் ஆசிரியரே வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் விடலாம். ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு மட்டும் கெடுவை நீட்டித் தரவும் இடம் இருக்கிறது. கூகுள் கிளாஸ்ரூமிலும் கெடு போடாமலேயே வீட்டுப்பாடம் கொடுக்கலாம். அப்படியானால் அந்த எட்டு மணி எங்கிருந்து வந்தது? கடைக்கு வரும் ஓர் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் அதே பள்ளி இல்லை, ஆனால் அதே கம்பெனி ஆப். "அது அப்படியேதான் வந்துச்சுண்ணே, நாங்க மாத்தல" என்றார். யாரும் யோசித்து வைக்காத எட்டு மணிக்காக ஒரு பையன் 23 முறை சோம்பேறி ஆகியிருக்கிறான்.

என் மகள் படிக்கும் பள்ளியில் இந்த ஆப்புக்கு வருடம் ரூ.1,800 தனியாக வாங்குகிறார்கள். மூடில் இலவசம்தானே என்று கேட்கலாம். சர்வர் வாடகை, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று அதற்கும் செலவு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காசு வாங்குகிற பள்ளி அந்த ஆசிரியைகளை ஒரு நாள் உட்கார வைத்து எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். வகுப்பு முடிந்து, நோட்டுத் திருத்தி, அப்புறம் போர்ட்டலிலும் ஏற்று என்றால் அவர்களும் என்னதான் செய்வார்கள்?

தமிழ் விஷயம் இன்னொன்று. இதில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 25 வருடமாகத் தமிழ் டைப் அடிக்கிறவன். காதுகுத்துப் பத்திரிகையில் தொடங்கி கேள்வித்தாள் வரை எல்லாமே பாமினி எழுத்துருவில்தான். ஒரு தமிழாசிரியர் அப்படி என்னிடம் அடித்து வாங்கிப்போன கேள்வித்தாளை நகலெடுத்துப் போர்ட்டலில் ஒட்டிவிட்டார். பிள்ளைகளின் போனில் பாமினி கிடையாது. 'தமிழ்' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அப்படியே இரண்டு பக்கம். மறுநாள் காலை ஒரு பையன் வந்து, "மாமா, இது எந்தப் பாசை?" என்று கேட்டான். எந்த போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற பொது எழுத்து முறைதான் யூனிகோடு. தமிழக அரசு 2010லேயே அதை ஏற்று ஆணை போட்டுவிட்டது. பாமினியை யூனிகோடாக மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தத் தப்பில் பாதி என்னுடையது, நானே கேட்டு மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் "பேப்பருக்கா, போர்ட்டலுக்கா" என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறேன்.

எழுத்து சரியாக வந்தாலும் தானாகத் திருத்தும் தேர்வு இருக்கிறதே, அது வேறு கதை. மதுரையில் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனை எது என்று கேள்வி. என் மகள் 'திருமலை நாயக்கர் மஹால்' என்று டைப் செய்தாள். விடைக்குறிப்பில் 'மகால்'. மதிப்பெண் பூஜ்யம். இன்னொரு தேர்வில் ஔவையார். பல பிள்ளைகளுக்கு 'ஔ' என்ற எழுத்து கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டுவிடுவார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். என் மகள் அழுதுகொண்டே வந்து, "அப்பா, நான் எழுதினதும் இதும் ஒண்ணுதானே?" என்று கேட்டபோது என்ன பதில் சொல்வது? ஒரு கேள்விக்கு ஏற்கத்தக்க விடைகள் நாலைந்தை முன்கூட்டியே கொடுத்துவைக்க மூடிலில் இடம் இருக்கிறது. அதற்கு, பிள்ளைகள் எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று தெரிந்த ஆசிரியர் கேள்வியைப் போட வேண்டும். இங்கே ஆசிரியர்களுக்குக் கேள்வி எங்கிருந்தோ கட்டாக வந்து இறங்குகிறது.

பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயம்தான். பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் உண்டு. டோனர் மங்கியிருந்தால் அந்தக் கட்டம் வேலை செய்யாது. "கோடு வரலண்ணே" என்று திருப்பிக் கொண்டுவந்தால் காசு வாங்காமல் வேறு எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

இனி சொல்லப்போவதால்தான் பெயர் வேண்டாம் என்று கேட்கிறேன். என் கல்லாவுக்குக் கீழே ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. அதில் 140க்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெயர், வகுப்பு, யூசர்நேம், பாஸ்வேர்டு. நான் கேட்டு வாங்கியது இல்லை. "மறந்து போயிருதுண்ணே, நீங்களே எழுதி வச்சுக்கங்க" என்று அவர்களே கொடுத்தது. பாதிக்கு மேல் பாஸ்வேர்டு பிறந்த தேதிதான், பள்ளி கொடுத்தபடி, மாற்றாமல். அந்தத் தேதி பிள்ளையின் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டிலேயே அச்சாகியிருக்கும். அந்த கார்டுக்கும் லேமினேஷன் போட்டுக் கொடுத்தது நான்தான். போன வருடம் ஒரு பையன் விளையாட்டாகக் கூடப் படிக்கிறவனின் கணக்கில் நுழைந்து வெற்றுப் பக்கத்தை அனுப்பிவிட்டு வந்துவிட்டான்.

முதல்முறை ஆப் திறக்கும்போது 'பெற்றோராகிய நான் ஒப்புக்கொள்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், அதுவும் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் என்கிறது. எங்கள் வட்டாரத்தில் அந்தப் பெட்டியில் டிக் அடித்தது பெரும்பாலும் என் விரல். நாலு பேர் வரிசையில் நிற்கும்போது நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. படித்துப் பார்த்ததும் இல்லை.

இவ்வளவு சொன்னதால் இதெல்லாம் வேண்டாம் என்கிற ஆள் நான் என்று எண்ணிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது இங்கே நடந்ததைப் பார்த்தவன். கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குரூப்பும்தான் பள்ளிக்கூடம். குரூப்பில் வந்த பாடம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். அதைவிட இது எவ்வளவோ மேல், பாடம் வைத்த இடத்தில் இருக்கிறது. சென்ற பங்குனியில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. பன்னிரண்டு நாள் வேப்பிலையில் படுக்கை. அவள் அறிவியல் ஆசிரியை ஒவ்வொரு பாடத்தையும் ஆறேழு நிமிடம் தன் குரலிலேயே பதிந்து ஏற்றியிருந்தார். வீடியோ கிடையாது, வெறும் பேச்சு. அவள் அம்மா காலையில் என் கடை வைஃபையில் அதை இறக்கிக்கொண்டு போவார், பிள்ளை கண்ணை மூடிக் கேட்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பள்ளிக்குப் போனபோது பாடத்தில் அவள் பின்தங்கியிருக்கவில்லை. அந்த ஆசிரியை யாரென்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் தெரியும். வகுப்பில் பேசுகிற மாதிரியே, நடுவில் "புரியுதா" என்பார்.

ஆகவே பள்ளி நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால்: இரவு எட்டு மணியை மறுநாள் காலை ஒன்பது ஆக்குங்கள். போன் இல்லாத பிள்ளை நோட்டில் எழுதிக் காட்டினால் அதையும் கணக்கில் ஏற்றுங்கள். திருத்துகிற ஆசிரியரே 'கொடுத்துவிட்டான்' என்று ஒரு டிக் போட முடியும். கம்ப்யூட்டர் லேப் பல பள்ளிகளில் இருக்கிறது, பள்ளி விட்டதும் பூட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால், பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் பிள்ளைகளே ஏற்றிவிட்டுப் போவார்கள். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாகக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

நோட்டை என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவராக வரும்போது பாஸ்வேர்டை அவர்களையே மாற்றச் சொல்லி, என் நோட்டில் அந்த வரியை அடித்துவிடுகிறேன். இதுவரை 31 அடித்தாயிற்று. வேன்காரர் மகனுடையது முதல் வரி.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.

பி.கு.: கடிதத்தை யூனிகோடில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அச்சுப் பிரிவில் வேறு எழுத்துரு என்றால் சொல்லுங்கள், மாற்றி அனுப்புகிறேன். காசு வேண்டாம்.