ராட்டினக்காரர் வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

வேலூர், காட்பாடி, கணியம்பாடி, குடியாத்தம் பக்கத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், எங்கள் ராட்டினத்தில் என்றைக்காவது ஒரு சுற்று சுற்றிய எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு வந்தவர்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசக்கூட எங்களால் முடியவில்லை. தெருமுனை வரைக்கும் செருப்பு கிடந்தது. யார் சாப்பிட்டார், யார் சாப்பிடாமலே கிளம்பினார் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு அதே கவலை. அதனால்தான் இந்த மடல். அம்மாவும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மகள் நான் எழுதுகிறேன்.

அப்பா போன அன்று வீட்டு வாசலில் இரண்டு கூட்டம். ஒரு பக்கம் முன்னாள் படைவீரர்கள். மெடல் குத்திக்கொண்டு வந்து, மலர்வளையம் வைத்து, வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். இன்னொரு பக்கம் டெல்லி அப்பளம் போடுகிறவர்கள், பலூன் சுடுகிற கடைக்காரர்கள், மிளகாய் பஜ்ஜி மாஸ்டர்கள், ராட்டினத் தொழிலாளிகள். எங்கேயோ திருவிழாவில் போட்ட கடையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக லாரி பிடித்து வந்தவர்கள். ஒரு கூட்டத்துக்கு இன்னொரு கூட்டத்தைத் தெரியாது. முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம், "ரிட்டயர்டு ஆனப்புறம் அவர் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தார்?" என்று கேட்டார். அப்பளக்கார அண்ணன் தனியாகக் கூப்பிட்டு, "மொதலாளி மிலிட்டரியில யாரையாவது சுட்டுக்கீறாராம்மா?" என்றார். அன்றைக்கு இருந்த நிலையில் இரண்டு பேருக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்பளக்கார அண்ணனுக்கு முதலில். அப்பா யாரையும் சுட்டதில்லை. ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கிற இ.எம்.இ. பிரிவில் அவர் வண்டி மெக்கானிக். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது ஒன்றும் அதிசயமில்லை. கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ஆள் பட்டாளத்தில் இருந்ததால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர். நாங்கள் அதற்கு அடுத்த ஊர்க்காரர்கள். 1962ல் சீனாவோடு நடந்த சண்டை முடிந்த மறு வருஷம், மீசை சரியாக முளைக்காத வயதில் அப்பா சேர்ந்தார். செகந்திராபாத்தில் பயிற்சி. 1965லும் 1971லும் பணியில் இருந்தார். சண்டையைப் பற்றிக் கேட்டால் வண்டியைப் பற்றிச் சொல்வார். எந்த லாரி எந்தச் சேற்றில் மாட்டியது, எப்படி இழுத்தோம், கிளட்ச் பிளேட் இல்லாமல் என்ன செய்தோம் என்பதுதான் அவருடைய போர்க்கதை. சிறுவயதில் எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

இப்போது சங்கத்துப் பெரியவருக்கு. 1980ல் பென்ஷனோடு வந்தவரை எல்லோரும் பேங்க் வாட்ச்மேன் வேலைக்குப் போகச் சொன்னார்கள். போனார். நாள் பூராவும் ஒரே இடத்தில் துப்பாக்கியோடு நிற்பது ஒத்துவரவில்லை. அந்த மாசியில் வள்ளிமலைத் தேருக்குப் போன இடத்தில், நாலு பெட்டி வைத்த மர ராட்டினம் ஒன்று, கையால் சுற்றுகிற பழைய ரகம், கிறீச் கிறீச்சென்று ஆடிக்கொண்டு சுற்றியதைப் பார்த்திருக்கிறார். நடு அச்சு தேய்ந்திருந்தது. அதை நிறுத்தச் சொல்லிச் சண்டை. ராட்டினக்காரர் வெறுத்துப்போய், "அவ்வளவு தெரிஞ்சா நீயே வாங்கி ஓட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வாங்கிவிட்டார். பென்ஷனோடு வந்த மொத்தப் பணத்தில் நிலம் வாங்கலாம் என்றிருந்த அம்மாவிடம், ராட்டினத்தை வாங்கிய பிறகுதான் சொன்னார்.

அந்த மனிதருக்கு முதல் நன்றி. அவர் எந்த ஊர், இப்போது இருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியாது. கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையில் எங்கள் குடும்பமே பிழைத்தது.

மர ராட்டினத்துக்கு அப்புறம் குதிரை ராட்டினம், பிறகு டீசல் இன்ஜினில் ஓடும் பெரிய ராட்டினம், குழந்தைகள் ரயில், கொலம்பஸ் கப்பல். கொஞ்ச நாள் பக்கத்து ஊரில் டென்ட் கொட்டாய் ஒன்றில் பங்கும் வைத்திருந்தார். டிவி வந்து அதைச் சாப்பிட்டுவிட்டது. அதைப் பற்றி நீட்ட வேண்டாம். எங்கள் வருஷம் காலண்டரில் ஓடவில்லை, திருவிழாவில் ஓடியது. மாசியில் மயானக் கொள்ளையும் வள்ளிமலைத் தேரும். சித்ரா பௌர்ணமிக்கு வேலூர் புஷ்பப் பல்லக்கு. வைகாசி 1ஆம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாக எடுத்து வருகிற திருவிழா. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, ஆடி வெள்ளிக்குப் படவேடு. கார்த்திகையில் திருவண்ணாமலைத் தீபம், அது முடிந்த கையோடு விரிஞ்சிபுரம் கடை ஞாயிறு. நடுவில் கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி போட்டால் அதுவும். 1989ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபோதும், 2019ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோதும் அப்பா சொன்னது ஒன்றுதான்: "சாமி அங்கேயேதான் இருக்குது. ஆபீஸ்தான் தள்ளிப் போயிடுச்சு."

அந்த ஆபீஸ்களில் எங்களுக்கு உதவியவர்களை மறக்கக் கூடாது. ஒரு ராட்டினம் நட வேண்டுமென்றால் தாசில்தார், போலீஸ், தீயணைப்பு, மின்சாரம், பொதுப்பணித்துறை என்று வரிசையாகப் போக வேண்டும். அலைய விட்டவர்களும் உண்டு; அவர்கள் கதை இங்கே வேண்டாம். "மிலிட்டரிக்காரர் ராட்டினமா, வந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து போடுவேன், ஆனால் இன்றைக்கே வருகிறேன்" என்று வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த மின் ஆய்வுக்காரர்கள் இருந்தார்கள். பார்க்காமல் கையெழுத்து போடுகிறவர்களை அப்பாவுக்குப் பிடிக்காது. பார்த்து, குறை சொல்லி, திருப்பி அனுப்பியவர்களைத்தான் வீட்டுக் கல்யாணங்களுக்குக் கூப்பிட்டார். வந்தும் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. வந்த புதிதில், விற்றுமுதல் 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பதிவே வேண்டாம் என்று ஆடிட்டர் சார் சொன்னதை அப்பா நம்பவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று அடம்பிடித்தார். சிரிக்காமல் எழுதிக் கொடுத்த ஆடிட்டர் சாருக்கு நன்றி.

அப்பாவின் வேலையைப் பார்க்காதவர்களுக்காக ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எந்த ஊரானாலும் மைதானத்தில் இறங்கியதும் முதலில் தரையைப் பார்ப்பார். அடிக்கட்டைகளைப் போட்டு ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் வந்து நின்ற பிறகுதான் கால்களை ஏற்ற விடுவார். கசிகிற மின்சாரத்தைத் தரைக்கு இறக்குகிற எர்த்துக்குக் குழி எடுத்து உப்பும் கரியும் போட்டு, தினம் சாயங்காலம் அதில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்வார். நம் ஊர் கத்திரி வெயிலில் மண் காய்ந்துவிட்டால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போவார். ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு தட்டு. இறுக்கமாக இருந்தால் டங் என்று கேட்கும். டொக் என்று கேட்டால் அன்றைக்கு அந்தப் பெட்டி கிடையாது. போல்ட் கழன்றுவிடாமல் பிடிக்கிற காட்டர் பின்னைக் கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பின் காலியாக ஒரு சுற்று. அதற்கும் பின் நாங்கள் ஒரு சுற்று. "வீட்டுப் புள்ள ஏறாத ராட்டினத்துல ஊரான் புள்ளைய ஏத்தக் கூடாது" என்பது அவர் சட்டம். எனக்கும் அண்ணனுக்கும் அதில் பெருமை. எனக்குத் தலை சுற்றும் என்பது வேறு விஷயம்.

ஆட்களை ஏற்றுவதிலும் கணக்கு உண்டு. ஒரே பக்கம் பாரம் ஏறினால் பிரேக் பிடிக்காது, இன்ஜின் முக்கும். அதனால் இந்தப் பெட்டியில் ஏற்றினால் அடுத்து எதிர்ப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். அப்பா வரிசையைப் பார்த்தே எடை போட்டுவிடுவார். "பெரியவரே, நீங்க இதுல, தம்பி, நீங்க ரெண்டு பேரும் அக்காவும் அந்தப் பக்கம்" என்று பிரிப்பார். புதுசாகக் கல்யாணமான ஜோடியைப் பிரிக்க நேர்ந்தால் மட்டும் சங்கடப்படுவார். குழந்தைகள் இருக்கிற பெட்டிக்குக் குறுக்கே தோல் பெல்ட் போடும் வழக்கத்தை அவர் ஆரம்பித்தபோது மற்ற ராட்டினக்காரர்கள் சிரித்தார்கள். அந்த பெல்ட்டுகளை வருஷா வருஷம் தைத்துக் கொடுத்த பேரணாம்பட்டு தோல் தொழிலாளி ஐயாவுக்கு எங்கள் நன்றி. கடைசி வரை கூலியை ஏற்றவே இல்லை. ராணிப்பேட்டை பெல் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவின் நண்பருக்கும் நன்றி. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடித்து, அதைச் சொல்லி அப்பாவிடம் திட்டு வாங்கி, மறுநாள் அப்பாவே வீட்டுக்கு வந்து சமாதானம் செய்யும் அளவுக்கு நட்பு.

அப்பாவோடு வேலை பார்ப்பது சுலபமில்லை. எட்டு மணி என்றால் ஏழே முக்கால். குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கே சம்பளம் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார். ரெக்கார்ட் டான்ஸ், பணம் வைத்து விளையாடுகிற கடை இரண்டுக்கும் எங்கள் பக்கத்தில் இடமே கிடையாது. குடும்பத்தோடு வருகிற இடம், பொண்டாட்டி பிள்ளையோடு வந்தவன் தலையைக் குனியக் கூடாது என்பார். அதில் போன வருமானத்தை வைத்து இரண்டு மாடி கட்டியிருக்கலாம் என்று அம்மா இன்றும் சொல்கிறார். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கூட இருந்த தொழிலாளி அண்ணன்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? உங்களில் சிலர் இப்போது சொந்த ராட்டினம் வைத்திருக்கிறீர்கள். போல்ட்டைத் தட்டிப் பார்க்கிறீர்களாமே, அண்ணன் சொன்னார்.

2020ல் ஊரடங்கு. சிரசுத் திருவிழாவுக்கே கூட்டம் கூடவில்லை என்றால் எங்கள் கதியைச் சொல்ல வேண்டுமா? இரும்பு ஷெட்டில் கிடந்தது, ஆட்கள் ஊருக்குப் போனார்கள். அந்த மாதங்களில் தொழிலாளி குடும்பங்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அப்பாவின் பட்டாள நண்பர்கள். மிலிட்டரி கேன்டீனில் தங்கள் பங்கை வாங்கி அப்படியே கொடுத்திருக்கிறார்கள். சங்கத்துப் பெரியவரே, உங்கள் ஆட்கள் கொடுத்த அரிசியை இந்த அப்பளக்கார அண்ணன் வீட்டில்தான் பொங்கினார்கள். ஒருவரையொருவர் தெரியாது என்று மேலே எழுதினேன் அல்லவா, முகம் தெரியாது என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் நவம்பரில் பாலாறு வந்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தால் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கக் கிளம்புகிற ஊர் நம் ஊர். ஆனால் அந்த முறை வந்தது வேடிக்கை பார்க்கிற தண்ணீர் இல்லை. ஆற்றோரம் இருந்த எங்கள் ஷெட்டில் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. மோட்டாரையும் பேனல் பெட்டியையும் விடியற்காலையில் தோளில் சுமந்து மேட்டுக்கு ஏற்றியவர்கள் வேலூர் சைதாப்பேட்டை பாய் வீட்டுப் பிள்ளைகள். யாரும் கூப்பிடவில்லை. சின்ன வயதில் ரம்ஜான் அன்று அப்பா அவர்களை இலவசமாக ஏற்றுவாராம், அந்தப் பழக்கம். சேறு போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, மோட்டாரைப் பிரித்துப் புதுசாகச் சுற்றிக் கொடுத்த காட்பாடி வைண்டிங் கடைத் தம்பி பாதிப் பணம்தான் வாங்கினார். மீதியைச் சிரசு முடிந்து வாங்கிக்கொள்கிறேன் என்றவர், இன்னும் கேட்கவில்லை.

கடைசி மாதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸ் அக்காக்களுக்கும் நன்றி. கட்டிலின் சக்கரம் ஒன்று ஆடுகிறது என்று தினமும் குறை சொன்ன நோயாளியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைச் சரிசெய்து வைத்த வார்டு அண்ணனுக்குத் தனி நன்றி. அன்றைக்குத்தான் அப்பா நன்றாகத் தூங்கினார். ரத்தம் வேண்டும் என்று சொன்னதும் கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள், ராத்திரியில் காபி கொண்டுவந்த எதிர் வீட்டு அத்தை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஆட்டோ ஓட்டி மீட்டரைப் பற்றியே பேசாத மாமா, பதினாறாம் நாள் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டு இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் குழம்பு வைத்த ஆம்பூர் மாஸ்டர், எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

அம்மாவைப் பற்றி எழுதக் கூடாது என்று அம்மாவே சொல்லிவிட்டார். இருந்தாலும் ஒரு வரி. இத்தனை வருஷம் டிக்கெட் பெட்டியில் உட்கார்ந்து, கிழிந்த பத்து ரூபாயை வாங்கி, சில்லறை தேடி, இரவு பன்னிரண்டு மணிக்குக் கணக்கு முடித்து, அப்புறம் எல்லோருக்கும் சோறு போட்டது அவர்தான். அப்பாவுக்கு இரும்பு தெரியும், பணம் தெரியாது.

இனி நடக்க வேண்டியது. திருவிழாக் கமிட்டிக்காரர்கள் பலர் இந்த வருஷம் ராட்டினம் உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. அண்ணன் நடத்துகிறார். அப்பா முன்பணம் வாங்கிய ஊர்கள் அத்தனையும் நோட்டில் இருக்கின்றன, ஒன்றும் தவறாது. சிரசுக்குப் பெட்டிகளுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறோம். அப்பா யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் தயங்காமல் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறோம். வைண்டிங் கடைத் தம்பி, முதலில் நீங்கள் வாருங்கள். எங்களுக்குப் பாக்கி வைத்திருப்பவர்களும் வரலாம். நோட்டில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

இப்படிக்கு,
மிலிட்டரிக்காரர் குடும்பத்தார்
வேலூர்