பெரியாஸ்பத்திரிக்கும் வழி சொன்ன அக்காமாருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

வயிற்றில் செய்த ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்து, என் வேலையை நானே பார்க்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். நேரில் கண்டு நன்றி சொல்ல முடிந்தவர்களுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் பெயர் தெரியாத எத்தனையோ பேர் எனக்குக் கைகொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணிலாவது இது படவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்ன வருத்தம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே வருத்தத்தோடு இருப்பவர்களுக்கு உதவும். 1993இல் எனக்கு அப்பென்டிசைற் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நடுவயிற்றை நீளமாக வெட்டிச் சுத்தம் செய்தார்கள். குடாநாட்டில் கரண்ட் இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. காயத்தில் சீழ் பிடித்து ஆறுவதற்கு நெடுநாள் எடுத்தது. பிழைத்ததே பெரிய காரியம். காலம் போகப் போக அந்தத் தழும்புக்குக் கீழே தசை விலகி, அந்த இடைவெளியால் குடல் முன்னே தள்ளத் தொடங்கிவிட்டது. பழைய வெட்டில் வருகிற ஹேர்னியா இது. நின்றால் ஒரு தேங்காய் அளவுக்கு வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும்.

ஒப்பரேசன் செய்யத்தான் வேண்டும் என்று தெரிந்த பிறகு, யாரிடம் செய்வது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. தம்பி கனடாவிலிருந்து ஒவ்வொரு நாளும் போன். "அக்கா, கொழும்புக்குப் போங்கோ, இல்லாட்டி பலாலியில பிளேன் ஏறிச் சென்னைக்குப் போங்கோ, காசை நான் பாக்கிறன்" என்பான். அவனுடைய அந்த மனதுக்கும் இங்கே நன்றி சொல்கிறேன். இதற்கிடையில் தனியாரிடம் ஒரு இடத்தில் காட்டினோம். எங்கே, யார் என்பது வேண்டாம். வயிற்றில் கை வைக்காமலே ஸ்கானைப் பார்த்து, சின்ன விசயம், வாற கிழமையே செய்யலாம் என்றார்கள். நல்ல சொல்தான். ஆனாலும் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

எங்கள் பிரதேச வைத்தியசாலையில் இருக்கிற இளம் டொக்டர்தான் என் குழப்பத்தைத் தீர்த்தவர். "அம்மா, ஆர் பெரிய பேர் எடுத்தவர் எண்டு தேடாதேங்கோ. இந்த ஒப்பரேசனை அவர் அடிக்கடி செய்யிறவரோ எண்டு கேளுங்கோ. செய்து முடிஞ்சு வீட்டை வந்தாப்பிறகு, இரவு ரெண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தா உங்களை ஆர் பாக்கிறது எண்டும் கேளுங்கோ" என்றார். அந்த இரண்டாவது கேள்வியோடு கொழும்பும் சென்னையும் என் மனதிலிருந்து போய்விட்டன. வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் பெரியாஸ்பத்திரி. அங்கேயே காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

சத்திரசிகிச்சை கிளினிக்கில் வாங்கில் காத்திருந்தபோது பக்கத்தில் பருத்தித்துறை அக்கா ஒருவர். எனக்கிருந்த அதே வருத்தத்துக்கு அதே சேர்ஜனிடம் செய்துகொண்டு, காட்ட வந்திருந்தார். ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். முதல் இரண்டு நாள் நோ கடுமை, இருமினால் உயிர் போகும், ஆனால் ஒவ்வொரு நாளும் குறையும் என்றார். சேலைத் தலைப்பை விலக்கித் தழும்பையும் காட்டினார். பிறகு கட்டிலை விட்டு எப்படி எழும்புவது என்று அந்த வாங்கிலேயே சரிந்து செய்து காட்டினார். நேரே நிமிரக் கூடாது. பக்கமாகத் திரும்பி, முழங்காலை மடக்கி, இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு, அதே நேரம் கையை ஊன்றித் தள்ளி எழும்ப வேண்டும். வயிற்றுத் தசைக்குப் பெரிதாக வேலை இருக்காது. ஒப்பரேசன் முடிந்த மறுநாள் காலையில் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பாடம்தான். அக்கா, நீங்கள் கடைசியில் சொன்ன ஒன்றையும் மறக்கமாட்டேன்: "அவர் சிரிச்சுக் கதைக்க மாட்டார், ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லாமல் விடமாட்டார்."

அப்படித்தான் இருந்தது. படுக்கவைத்து, தலையைத் தூக்கச் சொல்லி, இருமச் சொல்லி, எழுந்து நிற்கவும் சொல்லி, தசை விலகிய ஓரத்தை விரலால் தடவி அளந்தார். ஒரு தாளில் வயிற்றுச் சுவரை அடுக்கடுக்காகக் கீறி, விலகிய தசையைத் தாங்கும் செயற்கை வலையை எந்த அடுக்கின் பின்னால் வைத்துத் தைப்பார் என்று தமிழில் விளங்கப்படுத்தினார். வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கலாம் என்று அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் காட்டிய ஊர் இது. அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது என்று அன்று எனக்குப் பட்டது. சின்னத் துளை போட்டுச் செய்ய ஏலாதோ என்று கேட்டேன். முந்திச் சீழ் பரவின வயிறு, குடல் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், திறந்து செய்வதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு என்றார். திரும்பவும் வருமோ என்று கேட்டேன். வலை வைத்தால் அந்தச் சாத்தியம் குறையும், ஆனால் வராது என்று சத்தியம் பண்ணமாட்டேன் என்றார். வேறு ஒருவரிடமும் காட்டி அபிப்பிராயம் கேட்டுவிட்டு வரலாம், தனக்கு அதில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அந்த நிமிடமே இவர்தான் என்று தீர்மானித்துவிட்டேன்.

ஆனால் அவர் உடனே திகதி தரவில்லை. எனக்குச் சலரோகம் உண்டு. மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏவன்சி பரிசோதனையில் அளவு கூடவாக இருந்தது. சீனி கூடினால் காயம் ஆறாது, வலையில் கிருமி பிடித்தால் பெரிய பாடு, முதலில் சீனியையும் நிறையையும் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அதுவரை கவனிக்க வேண்டியதையும் சொன்னார்: வீக்கம் கல்லுப்போல இறுகி, படுத்தாலும் உள்ளே போகாமல் நொந்தால், அல்லது சத்தி (வாந்தி) வந்தால், அல்லது காற்றுப் பிரியாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரவேண்டும், குடல் நெரிபட்டு இரத்த ஓட்டம் நின்றுவிடலாம் என்றார். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது ஹேர்னியா இருந்தால், தயவுசெய்து இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்து டொக்டருக்கு நன்றி. முதல் நாள் மாலை கட்டிலடிக்கு வந்து, பல் ஆடுதா, முந்தி மயக்கம் தந்தபோது சத்தி வந்ததா என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தியேட்டரில் ஒவ்வொருவரும் என் பெயரையும், என்ன ஒப்பரேசன் என்பதையும், எந்த மருந்து ஒவ்வாது என்பதையும் திரும்பத் திரும்பக் கேட்டது முதலில் பயமாக இருந்தது. ஆள் மாறாமல், இடம் மாறாமல் இருக்கத்தான் அப்படி என்று ஒரு மிஸ்ஸி (தாதி) கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்காக இரத்தம் ஒதுக்கி வைத்திருந்தார்கள், ஏற்ற வேண்டி வரவில்லை. கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் விளையாட்டுக் கழகத்திலும் நடக்கிற இரத்ததான முகாம்களுக்குப் போய்க் கை நீட்டுகிற பிள்ளைகளே, நீங்கள் கொடுத்தது அங்கே இருந்ததால்தான் நான் துணிவோடு படுத்தேன்.

வாட்டைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. மறுநாள் விடியவே மிஸ்ஸி வந்து எழுப்பிவிட்டார். ஏலாது என்றேன். "எழும்பினாத்தான் அம்மா காலில இரத்தம் உறையாது, நெஞ்சிலயும் சளி கட்டாது" என்று சொல்லி, காயத்து நீர் வடிகிற டிரெயின் போத்தலைத் தன் கையில் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். கட்டிலின் நுனியிலிருந்து யன்னல் வரை. பிறகு ஒவ்வொரு நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட. காலையில் வருகிற டொக்டர்மார் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "காத்துப் பறிஞ்சுதோ அம்மா?" அதுதான் குடல் திரும்ப வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம். பறிந்தது என்று நான் சொன்னபோது அந்த வாட்டே மகிழ்ந்தது. பிறகு ஒரு மிடறு தண்ணீர், தேத்தண்ணி, கஞ்சி. உடம்பு துடைத்துவிட்டு, முகம் சுளிக்காமல் பெட்பான் எடுத்த சிற்றூழியர்களை நான் ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் நினைத்துக்கொள்கிறேன்.

இதே ஆஸ்பத்திரியில் 1987 ஒக்ரோபர் 21, 22இல் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் வேலைக்கு வந்தவர்கள்தான் ஜெனரேற்றர் வெளிச்சத்தில் என்னை 1993இல் காப்பாற்றினார்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களுக்கும் இது சேரவேண்டிய நன்றி.

வீட்டுக்குக் கூட்டிவந்த ஓட்டோத் தம்பி ஒவ்வொரு பள்ளத்திலும் உருட்டிக்கொண்டு வந்தார், ஒரு குலுக்கல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தண்ணி அள்ளி நிரப்பினார்கள். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது என்பது டொக்டரின் கட்டளை, கிணற்றில் அள்ளுவதும் பாரம்தானே. மாமி முட்டையும் மீனும் கிரந்தி, காயம் சீழ் பிடிக்கும் என்று மறித்தபோது, மச்சாள் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு வந்து, காயம் ஆறப் புரதம் வேண்டுமாம், இரண்டும் கட்டாயம் கொடுக்கச் சொன்னவை என்று மாமிக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். பிறகு மாமியே விளைமீன் சொதி வைத்துத் தந்தார். மாமியின் கைச் சொதியும் மச்சாளின் பொறுமையும் சேர்ந்துதான் என்னைத் தேற்றின.

காயத்தின் பக்கத்தில் திடீரென்று ஒரு வீக்கம் வந்து பயந்து ஓடியபோது, சேர்ஜன் தொட்டுப் பார்த்து, வலை வைத்த இடத்தில் நீர் சேருவதுண்டு, தானாக வற்றும், காய்ச்சலோ சிவப்போ வந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்று அனுப்பினார். வற்றிவிட்டது. காரணமில்லாமல் அழுகை வந்த நாள்களும் இருந்தன. அப்போது பருத்தித்துறை அக்காதான் போனில், "எனக்கும் வந்தது தங்கச்சி, உடம்பு களைச்சிருக்கு, அழுதிட்டு நடவும்" என்றார்.

இனி ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த கட்டிலில் இருந்த குருநகர் அக்கா, நீங்கள் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும்போது, இருமலுக்கு வயிற்றோடு அணைக்கச் சொல்லித் தந்த சின்னத் தலையணை என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் மிஸ்ஸிமாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்களிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தால், நானே குருநகருக்குக் கொண்டுவந்து தருகிறேன். வேறு யாருக்காவது தேவைப்பட்டால் அவர்களிடம் கொடுக்கச் சொன்னாலும் சரி.

நன்றியோடு,
வேலணையிலிருந்து உங்கள் சகோதரி