முன் பிரேக்கில் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை விபத்துச் செய்தி வராத நாள் இல்லை. மயிரிழையில் தப்பியவர்களைப் பற்றி மட்டும் எங்கும் வருவதில்லை. அடிபடாவிட்டால் அது செய்தியே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் மோட்டார் சைக்கிளில் தப்பிப் பிழைத்த பலர், கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பிவிட்டு, அதன்பின் வண்டியைத் தொடவே தயங்குகிறார்கள். அவர்களுக்குச் சுற்றத்தாரிடம் கிடைப்பது இரண்டே யோசனைகள். "உடனே ஏறி ஓட்டு, பயம் தெளிஞ்சிடும்" என்பது ஒன்று. "போதும், வண்டியை வித்துடு" என்பது மற்றொன்று. இருசக்கர வாகனம் ஓட்டக் கற்றுத்தரும் எங்களுக்கு இரண்டிலுமே உடன்பாடில்லை. போன நம்பிக்கை கைப்பழக்கத்தின் வழியாகத்தான் திரும்பி வரும், அதற்கு ஒரு வரிசை உண்டு.

உடனே ஏறி ஓட்டினால் என்ன கெடுதல்? பயந்த உடம்பு கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும். முழங்கை விறைக்கும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடும். கண், முன் சக்கரத்துக்குச் சில அடி முன்னாலேயே நின்றுவிடும். முழங்கை விறைத்தால் ஹேண்டில் நினைத்தபடி திரும்பாது. பார்வை அருகிலேயே இருந்தால் 30 கிலோமீட்டர் வேகம்கூடத் தலைதெறிக்கும் வேகமாகத் தோன்றும். இதே நிலையில் தினமும் வேலைக்குப் போய்வந்தால் பயந்து ஓட்டும் முறைதான் கைக்குப் பழகும்.

அன்றைக்குக் கை நடுக்கம் நிற்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். தலை எங்காவது மோதியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அந்த ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது, வெளி ஓடு புதிதுபோலவே இருந்தாலும்.

அடுத்தது வண்டி. பயத்தில் பாதி, வண்டி மீதுள்ள சந்தேகம். நடுஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்திக்கொள்ள, முன் சக்கரம் தரையைத் தொடாத நிலையில் ஹேண்டிலை இடவலமாக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றால் கோன்செட் (ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்) போய்விட்டது என்று பொருள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயை விரலால் தடவுங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் கசிகிறது. டிஸ்க் பிரேக் லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். டயரில் காற்றை, ஓட்டி வந்த சூட்டோடு அளக்காமல், ஆறிய பிறகு அளக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். ரப்பர் இறுகிப்போன பழைய டயரில் எந்தப் பயிற்சியும் முழுப்பலன் தராது.

"பிரேக் பிடிக்கத் தெரியாமல் போச்சே" என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகும். கண் பார்த்து, கை லீவரை அழுத்த ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின், காய்ந்த நல்ல சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க ஏறக்குறைய 9 மீட்டர். மொத்தம் 20. வேகம் 60 என்றால் 17 மீட்டரும் 20 மீட்டருமாக 37. பல சமயம் கோளாறு கையில் இருக்காது, எதிரில் இருந்ததைத் தாமதமாகப் பார்த்ததில்தான் இருக்கும். எந்த இடத்தில் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று காகிதத்தில் வரைந்து பாருங்கள். காரணம் கிடைத்தால், அதைத் திருத்திக்கொள்ள ஒரு வழியும் கிடைக்கும்.

இனி முன் பிரேக். வழுக்கித் தப்பியவர்கள் பலர் "இனி முன் பிரேக்கைத் தொடவே மாட்டேன்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிவிடுகிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி நிற்க வெகுதூரம் ஆகும், பின்பக்கம் அலையவும் செய்யும். முன் சக்கரம் வழுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: எடை டயரில் வந்து அமர்வதற்கு முன்பே லீவரை வெடுக்கென்று இழுப்பது, ஹேண்டில் திரும்பியிருப்பது, அல்லது கீழே மணலோ ஈரமோ இருப்பது.

காய்ந்த, ஆளில்லாத தார்த்தளம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். மணல் கிடந்தால் பெருக்கிவிடுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களை வாசல்போல் வையுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து, பாட்டிலைத் தாண்டியதும் இரண்டு விரலால் முன் லீவரை அழுத்துங்கள், நனைந்த பஞ்சைப் பிழிவதுபோல. முதலில் மெதுவாக, ஃபோர்க் அமுங்குவது உள்ளங்கையில் தெரியும், அது அமுங்கிய பிறகு அழுத்தத்தைக் கூட்டலாம். பின் பிரேக்கும் கூடவே, இலேசாக. முட்டி இரண்டும் டேங்கைக் கவ்வியிருக்கட்டும், முழங்கை தளர்ந்திருக்கட்டும், பார்வை தூரத்தில் இருக்கட்டும். நிற்கப்போகும் கணத்தில் லீவரைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி குலுங்காது. பாட்டிலிலிருந்து எத்தனை அடி வைத்து நடந்தால் வண்டியை அடைகிறீர்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து முறை சீராக வந்தால் 30, பிறகு 40. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் லீவர் படபடவென்று துடிக்கலாம். விட்டுவிடாமல் அழுத்தியே இருங்கள். ஏபிஎஸ் இல்லாமல் சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே விட்டு மறுபடி பிழியுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைத்த கை தப்பாகப் பழகும்.

பிரேக்குக்கு அடுத்தபடி கண். பள்ளத்தையே பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும். ஒரு பாட்டிலை நடுவில் வைத்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, அதன் பக்கத்து இடைவெளியைப் பாருங்கள். வலப்பக்கம் விலக வலது கைப்பிடியை முன்னோக்கி இலேசாகத் தள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விலகும். விலகும்போது பிரேக் கூடாது. பிடித்து, விட்டு, பிறகு விலக வேண்டும்.

சம்பவம் நடந்த இடத்துக்கு முதலில் நடந்தே போங்கள். எதிர்வருவதை எது மறைக்கிறது, தரை எங்கே வழுக்கும் என்று நின்று பாருங்கள். பிறகு கூட்டமில்லாத பகல் நேரத்தில் வண்டியில். நெரிசல், மழை, இரவு ஆகியவற்றை ஒரே நாளில் சேர்க்காமல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆள் ஏற்றுவது கடைசியில்தான். ஒரு மாதம் கடந்தும் தூக்கம் கெடுவது, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தப்பிய நிகழ்வுகளை வாசகர்கள் எழுதியனுப்ப ஒரு சிறு பகுதி ஒதுக்குங்கள். இடம், நேரம், தரையின் நிலை, எதிரில் வந்ததை எவ்வளவு தூரத்தில் பார்த்தார்கள் என்ற நான்கு விவரம் போதும். ஒரே திருப்பத்தைப் பற்றி ஐந்து கடிதங்கள் வந்தால், அங்கே யாரும் விழுவதற்கு முன்பே சாலைப் பராமரிப்பாளர்களிடம் காட்டலாம்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன ஓட்டுநர் பயிற்றுநர்கள் சிலர்