கேக் கடைக்காரர் ஜெயிலுக்குப் போகவில்லை

லீட்ஸ்
2025 மார்ச் 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்கு மன்னித்துவிடு. முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள், இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். உன் பேரனின் ஞானஸ்நான போட்டோவை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். முகத்தில் உன் அப்பா அப்படியே உட்கார்ந்திருக்கிறார், அந்தக் கோபம் உட்பட.

இன்று லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து, ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். வெளியே மழை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய வீடியோவிலிருந்தே தொடங்குகிறேன். ஓரினச் சேர்க்கையாளருக்கு கேக் செய்ய மறுத்த கிறிஸ்தவரை இங்கிலாந்தில் ஜெயிலில் போட்டுவிட்டார்கள் என்கிறது. கீழே நீ, "அங்கே நம்மவர்கள் வாயையே திறக்க முடியாதாமே, உண்மையா?" என்று கேட்டிருந்தாய்.

மாப்ளே, யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. அது இங்கிலாந்தும் இல்லை, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட். கடையின் பெயர் ஆஷர்ஸ். 2014-ல் ஒருவர் வந்து, 'ஒருபாலினத் திருமணத்தை ஆதரியுங்கள்' என்ற வாசகத்தோடு ஒரு கேக் கேட்டார். விலை 36.50 பவுண்டு. முதலில் ஆர்டரை எடுத்துக்கொண்ட கடைக்காரர்கள், இந்த வாசகத்தை எழுத எங்கள் விசுவாசம் இடம்கொடுக்கவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் தோற்றார்கள், 500 பவுண்டு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். கடைசியில் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். அவர்கள் மறுத்தது வந்த ஆளை இல்லை, அந்த வாசகத்தை. யார் வந்து கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் கடைக்காரர்கூட இல்லை, பீட்டர் டாட்செல். ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காக வாழ்நாள் முழுக்கத் தெருவில் நின்று அடி வாங்கியவர். முதலில் கடைக்காரர்களைக் கண்டித்தார். 2016-ல், தான் நம்பாத கருத்தை எழுதும்படி யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மனதை மாற்றிக்கொண்டு, அதை வெளிப்படையாகவும் எழுதினார். அவருடைய சொந்த ஆட்களுக்கே அது பிடிக்கவில்லை. தன் ஆட்களிடம் அவர்களுக்குப் பிடிக்காததைச் சொல்வது என்ற அந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

ஆகவே அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதே. சத்தியத்துக்காக நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டே பொய்யை ஃபார்வர்ட் செய்வது நம் ஆட்களிடம் பெருகிவிட்ட வியாதி.

சரி, உன் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. இங்கே மாற்றம் பெரியதுதான். நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2001 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் 71.7 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள். 2021-ல் 46.2. எங்கள் சபையில் இன்று முப்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதி நைஜீரியர்கள், மூன்று மலையாளக் குடும்பங்கள், நாங்கள். இடையூறே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கருக்கலைப்பு மருத்துவமனைக்கு அருகே, தடை செய்த எல்லைக்குள் நின்று மௌனமாக ஜெபித்தவருக்கு 2024 அக்டோபரில் போர்ன்மவுத்தில் தண்டனைத் தீர்ப்பு வந்தது. சிறை இல்லை, ஆனால் வழக்குச் செலவு 9,000 பவுண்டு கட்டச் சொன்னார்கள். அங்கே வரும் பெண்களுக்குத் தொந்தரவு கூடாது என்ற சட்டத்தின் நோக்கம் எனக்குப் புரிகிறது. மனதுக்குள் ஜெபிப்பதற்குத் தண்டனையா என்ற கேள்வியும் என்னை விடவில்லை.

ஆனால் தினசரி வாழ்க்கையில் இங்கே நம்மை ஊமையாக்குவது போலீஸ் இல்லை. பக்கத்து நாற்காலி. அதற்கு அரசியல்வாதிகளே சாட்சி. லிபரல் டெமாக்ராட் கட்சித் தலைவராக இருந்த டிம் ஃபாரன் நல்ல விசுவாசி. ஓரினச் சேர்க்கை பாவமா என்று 2017 தேர்தல் நேரத்தில் விடாமல் கேட்டார்கள். மழுப்பிப் பார்த்தார், முடியாமல் போக, பாவம் இல்லை என்று சொல்லிவிட்டார். தேர்தல் முடிந்து ஒரு வாரத்துக்குள் பதவி விலகினார். அடுத்த ஜனவரியில், அப்படிச் சொன்னது தவறு, அது என் மனதில் இருந்த பதில் இல்லை என்று வானொலியில் ஒப்புக்கொண்டார். ஆறு வருஷம் கழித்து ஸ்காட்லாந்தில் கேட் ஃபோர்ப்ஸ், கைக்குழந்தையோடு பேறுகால விடுப்பில் இருந்தவர், ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்டார். அதே மாதிரிக் கேள்வி. ஒருபாலினத் திருமணச் சட்டத்துக்கு நான் வாக்களித்திருக்க மாட்டேன், ஆனால் இப்போது அது சட்டம், அதை மதித்துக் காப்பேன் என்றார். ஆதரவாளர்கள் பலர் அன்றைக்கே கழன்றுகொண்டார்கள். இத்தோடு ஒழிந்தார் என்று பத்திரிகைகள் எழுதின. முடிவில் 52-க்கு 48 என்ற கணக்கில்தான் தோற்றார், அடுத்த வருஷம் துணை முதலமைச்சரும் ஆனார். அவர் கருத்தோடு ஒத்துப்போகாதவர்கள்கூட, கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாரே என்றார்கள்.

என் கதைக்கு வருகிறேன். எக்ஸ்ரே பிரிவில் என்னோடு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண் இருக்கிறார். சர்ச்சுக்குப் போகாதவர், தங்கமானவர். என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர். போன நவம்பரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தித்தாளை என் பக்கம் தள்ளி, "இதற்கப்புறமும் நீ இந்த சர்ச்சுக்குப் போவாயா?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது ரொம்பப் பழைய விஷயம்." சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அந்தச் செய்தி உங்கள் ஊர்ப் பத்திரிகையிலும் ஒரு மூலையில் வந்திருக்கும். இங்கிலாந்து திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி ராஜினாமா. காரணம் ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர். இந்தக் கதையை நீ முழுதாகக் கேட்க வேண்டும்.

1977 ஜூலை. நாம் எட்டாம் வகுப்பு. லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் ஒரு தெய்வ நிந்தனை வழக்கு நடந்தது. இயேசுவைக் கொச்சைப்படுத்தும் கவிதை என்று சொல்லி, ஓரினச் சேர்க்கையாளர்களின் பத்திரிகை ஒன்றின் மேல் மேரி ஒயிட்ஹவுஸ் என்ற அம்மாள் வழக்குப் போட்டிருந்தார். தேசத்தின் ஒழுக்கம் கெடுகிறது என்று விடாமல் போராடியவர். அவர் தரப்பில் நின்று வாதாடிய வழக்கறிஞர்தான் இந்த ஸ்மித். ஜெயித்தார்கள். சபைகளில் எத்தனை பேர் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார். அந்த நாளின் கிறிஸ்தவ தைரியத்துக்கு ஒரு முகம் வேண்டுமென்றால், அங்கியும் தலையில் பொய்முடியுமாக அவரைத்தான் காட்டியிருப்பார்கள்.

அதே காலத்தில் வின்செஸ்டரில் அவர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொட்டகை. சத்தம் வெளியே கேட்காதபடி செய்தது. தான் பொறுப்பிலிருந்த கிறிஸ்தவ இளைஞர் முகாம்களில் பழகிய பையன்களை அங்கே கூட்டிப்போய், பாவத்துக்குச் சிட்சை என்று சொல்லிப் பிரம்பால் ரத்தம் வரும்வரை அடித்திருக்கிறார். பையன்கள் அதைப் பரிசுத்தத்தின் பாதை என்று நம்பியிருக்கிறார்கள். 1982-ல் ஒரு போதகர் விசாரித்து எல்லாவற்றையும் எழுதியே வைத்தார். அந்த அறிக்கையைச் சிலர் படித்தார்கள். படித்துவிட்டு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். வெளியே தெரிந்தால் தேவனுடைய வேலைக்குப் பெரிய சேதம் என்று நினைத்தேன், இப்படி அவர்களில் ஒருவர் பின்னாளில் சொன்னார்.

ஸ்மித் 1984-ல் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கேயும் முகாம் நடத்தினார். 1992-ல் அந்த முகாம் ஒன்றில் 16 வயதுப் பையன் நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தான். வழக்குப் போட்டார்கள், அது பாதியிலேயே நின்றுபோனது. பிறகு தென்னாப்பிரிக்கா. 2013-ல் வெல்பி உட்பட இங்கிலாந்து திருச்சபையின் மேலிடத்துக்கு விஷயம் முறைப்படி போனது, அப்போதும் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. 2017-ல் சேனல் 4 தொலைக்காட்சி போட்டு உடைத்த பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. மறுவருஷம் அவர் கேப்டவுனில் இறந்துவிட்டார், எந்தக் கோர்ட்டிலும் பதில் சொல்லாமலே. திருச்சபைக்காக மேக்கின் என்பவர் விசாரித்து, போன நவம்பரில் வெளியான அறிக்கை இதையெல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது. இரண்டு கண்டங்களிலும் சேர்த்து அவரிடம் சிக்கியவர்கள் நூறு பேருக்கும் மேல்.

அறிக்கை வந்தும் வெல்பி முதலில் விலகுவதாக இல்லை. ஆயர்கள் கூட்டம் கூட்டமாக வாய்மூடி இருந்தபோது, விலகத்தான் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் ஒரே ஒருவர், நியூகாசில் ஆயர் ஹெலன் ஆன் ஹார்ட்லி. மறுநாளே வெல்பியின் ராஜினாமா. கிறிஸ்தவ தைரியம் என்று வீடியோ எடுக்கிறவர்கள் யாரும் அந்த அம்மாளைப் பற்றி எடுத்ததாக நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாயா?

ரவி சகரியாஸ் பேச்சுகளை நாம் இரண்டு பேரும் எப்படிக் கேட்டோம்! சென்னையில் பிறந்த நம் ஆள், அமெரிக்கப் பல்கலைக்கழக மேடைகளில் நாத்திகர்களுக்குப் பதில் சொல்கிறாரே என்று எத்தனை பெருமை. 2017-ல் கனடாவிலிருந்து ஒரு பெண் அவருடைய பாலியல் நடத்தையைப் பற்றிப் பேசியபோது அந்தப் பெண் மேலேயே வழக்குப் போட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதி முடித்தார்கள். அவர் மறைந்து ஒரு வருஷத்துக்குள், அவருடைய ஊழியமே நியமித்த விசாரணையில், அந்தப் பெண் ஒருத்தி மட்டுமில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு நீயும் நானும் போனில் என்ன பேசினோம்? "செத்தவரைப் பற்றி எதற்கு."

நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு எழுதியதை நாம் மனப்பாடமாகச் சொல்லுவோம், மாப்ளே. வெளியே நின்று உலகத்தைக் கண்டிக்கிற தைரியத்துக்கு நம்மிடம் எப்போதுமே கைத்தட்டல் உண்டு. அதற்கும் விலை உண்டு என்பதை மறுக்கவில்லை, ஃபோர்ப்ஸ் கொடுத்தார். ஆனால் தாவீது ராஜாவின் பாவத்தை அவர் முகத்துக்கு நேரே சொன்ன நாத்தான் தீர்க்கதரிசி மாதிரி, உள்ளே ஒருவன் எழுந்து "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னால் அவனுக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம்? விசுவாசத் துரோகி, பின்மாற்றக்காரன். என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண் சபையை விட்டு விலகி நிற்பதற்குக் காலம் மாறியது மட்டும் காரணம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறு வாரம் அவரிடம் போய், "அன்றைக்கு உனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அது பழைய விஷயம் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தும் போகிறேன், ஏனென்றால் நான் விசுவாசிப்பது அவர்களை இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கல்யாணத்தைப் பற்றி, பாவத்தைப் பற்றி உன் சபை சொல்வதை எல்லாம் நீ நம்புகிறாயா என்று கேட்டார். அவர் மகனுக்கு ஒரு ஆண் துணைவர், எனக்கும் தெரியும். எனக்குக் கை நடுங்கியது. நம்புவதைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. இப்போதும் பேசுகிறார், டீ போட்டுத் தருகிறார், ஆனால் முன்பிருந்த ஏதோ ஒன்று இல்லை. சொன்ன விதத்தில் தவறினேனா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இவ்வளவும் எழுதியது அந்த வீடியோவுக்காக மட்டுமில்லை. மேக்கின் அறிக்கையில் அந்தக் கொட்டகையைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஹாஸ்டல் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் கண்முன் நின்றது. அந்தப் பனையேறி மகன், நமக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். குளிக்கிற இடத்தில் சட்டையைத் தூக்கி நம் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டினானே. வார்டன் ஜெபம் பண்ணிவிட்டு அடிப்பார் என்று சொன்னானே. நான் லீவுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே, ஊழியக்காரரைப் பற்றிப் பேசினால் சாபம் வரும்" என்றார்கள். நீ யாரிடமாவது சொன்னாயா, எனக்குத் தெரியாது. நாம் இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வார்டன் ஓய்வு பெற்றபோது வாழ்த்துமடல் வாசித்தது நீ. பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் இங்கிருந்து பணம் அனுப்பியது நான். உன்னைக் குற்றம் சொல்லவில்லை மாப்ளே, இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம்.

அவன் ஊர் உடன்குடிப் பக்கம் என்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஊர்ப் பெயர் மறந்துபோயிற்று. நம் வகுப்புக்காரர்கள் யாருக்காவது தெரியும். விசாரித்து எழுது. ஜூலையில் வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். நீ வர வேண்டாம் என்று நினைத்தாலும் ஊர் பெயரை மட்டும் எழுதிவிடு.

மதினியைக் கேட்டதாகச் சொல். கருப்பட்டி இப்போது வேண்டாம், டாக்டர் கண்ணை உருட்டுகிறார்.

உன்,
ஜன்னலோர பெஞ்ச் கூட்டாளி