லேபிளில் ஒரு தலைமுறை குறைகிறது

ஆம்பூய்
பிரான்ஸ்
பெப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

உன் வைன் போத்தலுக்கென்று நியூசிலாந்தில் இருந்து நீ அனுப்பிய லேபிள் படம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நல்ல வடிவு. அம்மா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எழுத்துச் சின்னன், கண்ணாடி போட்டாலும் தெரியாது" என்றா. அது அவவின் பாராட்டு என்று உனக்குத் தெரியும்தானே. பின்பக்க லேபிளில் நீ எழுதியிருக்கிற ஒரு வரி மட்டும் எனக்கு இரண்டு நாளாக மண்டைக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். நீ கேட்டது வேறு.

திராட்சையை முழுக்குலையாகத் தொட்டியில் போடுவதா, காம்பை நீக்கிவிட்டுப் பழத்தை மட்டும் போடுவதா என்று கேட்டிருந்தாய். என்னுடைய பதில், காம்பைக் கடித்துப் பார். சிரிக்காதே. நீ மொம்பெலியேயில் ஐந்து வருடம் படித்தவள். காம்பில் உள்ள பொட்டாசியம் வைனின் புளிப்பைக் குறைக்கும், நிறத்தையும் கொஞ்சம் உறிஞ்சும் என்று நீதான் எனக்குப் படம் கீறி விளங்கப்படுத்தினாய். அதெல்லாம் சரி. ஆனால் இந்த வருடக் காம்பு இந்தச் சரிவில் எப்படி என்று புத்தகம் சொல்லாது. கடிக்கும்போது பச்சைப் பயற்றங்காய் மாதிரி நறுக்கென்று சாறு வந்தால் விட்டுவிடு. மண்ணிறம் ஏறி, பல்லில் நார் மாதிரி அகப்பட்டு, மென்றால் ஒரு கறுவாத் துவர்ப்பு வந்தால் போடு. ஒரே வரிசையில் மேல் பாதி பழுத்தும் கீழ்ப் பாதி பச்சையாகவும் இருக்கும். அதனால் இருபது இடத்திலாவது கடி.

2002 இல் நான் கடிக்கவில்லை. அந்த வருடம் ஓயாத மழை. எங்கள் முதலாளி பத்ரோன் யோசித்துக்கொண்டு நின்றார். நான்தான் பெரிய ஆள் மாதிரி, "எப்போதும் போல முழுக்குலையே போடுவோம்" என்றேன். எட்டு வருடம் கூட வேலை செய்த துணிவு. வைன் முருங்கைக் குச்சியைக் கசக்கின மாதிரி மணத்தது. மூன்று வருடம் பொறுத்தும் போகவில்லை. பத்ரோன் ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் எனக்குக் கூட வலித்தது.

பழுத்த காம்பு என்றால் கதை வேறு. உடையாத பழம் குலைக்குள்ளேயே இருந்து சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சாறு நொதித்துப் பொங்குவது இழுபடும், சூடு ஒரேயடியாக ஏறாது. காம்புகளுக்கு நடுவே சாறு ஓட வழியும் கிடைக்கும். முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு முழுக்குலை, மிச்சம் காம்பு நீக்கியது என்று வை. பேராசை வேண்டாம்.

உன் சரிவு வடக்குப் பார்த்தது என்று எழுதியிருந்தாய். பூமியின் தெற்குப் பாதியில் அப்படித்தான் என்றாலும், எனக்கு அது இன்னும் தலைகீழாகத்தான் கிடக்கிறது. இங்கே எங்களுடையது தென்கிழக்குப் பார்த்தது, காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். இந்தத் தோட்டப் பகுதியின் பெயர் கோத் ரோட்டி என்று முதல்முதல் கேட்டபோது நான் ஏதோ ரொட்டிக் கடை என்றுதான் நினைத்தேன். வறுபட்ட சரிவு என்று பொருள் என்று பிறகு சொன்னார்கள். பெயரில்தான் வறுவல். உண்மையில் ரோன் ஆற்றங்கரையில் சிரா என்கிற கறுப்புத் திராட்சைக்குப் பெயர்பெற்ற இடங்களுக்குள் இதுதான் வடக்கு ஓரம். வடக்கிலிருந்து வருகிற குளிர்காற்று எலும்பைத் துளைக்கும். சரிவு மட்டும் இல்லையென்றால் இங்கே சிரா பழுத்திருக்காது. பழுத்தும் பழுக்காமலும் இருக்கிற அந்த எல்லையில்தான் அதற்கு மிளகு மணம் வருகிறது.

2003 ஞாபகம் இருக்கா? அந்தக் கோடை வெக்கையில் ஓகஸ்டிலேயே அறுவடை. தொட்டியெல்லாம் சீனி. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். போத்தலைத் திறந்தால் அத்திப்பழ ஜாம். மிளகைக் காணவில்லை. அந்த மிளகு மணத்துக்கு ரொட்டண்டோன் என்று ஒரு பொருள் காரணம் என்று 2008 இல் அவுஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள் என்றும், எங்கள் வீட்டு மிளகுப் போத்தலில் இருப்பதும் அதேதான் என்றும் நீ சொன்ன அன்று அம்மா நம்பவே இல்லை. ரசத்துக்கு மிளகு இடிக்கிற கை அது. ஆனால் எங்கள் வைனை முகர்ந்து, "இதில் எங்கேயப்பா மிளகு?" என்று கேட்பா. ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த மணம் தெரியாதாம். இத்தனை வருடமும் நான் கதை விடுகிறேன் என்றுதான் அவ நினைத்திருக்கிறா.

அந்த மிளகு மணம் பழத் தோலில் சேருவது கடைசிக் காலத்தில், நிறம் மாறின பிறகு. குளிரும் நிழலும் அதற்குப் பிடிக்கும். ஆகையால் பின்னேர வெயில் படுகிற பக்கத்து இலையைக் கிள்ளாதே. காலைப் பக்கம் மட்டும் காற்றுப் போக வழி விடு. உன் பக்கத்துத் தோட்டக்காரர் எல்லா இலையையும் உருவி மொட்டையாக விட்டிருக்கிறார் என்றாய். அவர் செய்யட்டும்.

இங்கே இப்போது கிளை வெட்டு நடக்கிறது. நேற்றுக் காலை கத்தரிக்கோல் விரலோடு ஒட்டிக்கொள்ளுகிற குளிர். ஒவ்வொரு கொடியும் தனித்தனிக் கம்பில், ஒரு ஹெக்டேரில் பத்தாயிரம் கொடி வரை. உழவு இயந்திரம் ஏறாது. போன மாத மழையில் மேல் சுவர் ஒன்று வயிறு தள்ளி நிற்கிறது. சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்தின சுவர். அதைக் கழற்றித் திரும்ப அடுக்க மூன்று பேருக்கு ஒரு கிழமை. மழையில் இறங்கின மண்ணை முன்னெல்லாம் கூடையில் முதுகில் தூக்கிக்கொண்டு மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். இந்தப் பாட்டுக்குப் பயந்துதான் முதலாம் உலகப் போருக்குப் பிறகு சனம் மலையை விட்டு இறங்கியது. 1970 களின் தொடக்கத்தில் முழுக் கோத் ரோட்டியிலும் நூறு ஹெக்டேர்கூட மிஞ்சவில்லை. இப்போது முந்நூறுக்கு மேல். எனக்கு முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சி.

சரி, அந்த வரிக்கு வருகிறேன்.

"எங்கள் குடும்பத்தில் இந்தத் தொழிலுக்கு வந்த முதல் ஆள் அப்பா, நான் இரண்டாவது தலைமுறை" என்று போட்டிருக்கிறாய். கணக்கில் ஒன்று குறைகிறது, மகள். உன்னில் பிழை இல்லை. அப்பப்பா தோட்டம் செய்தவர், வெங்காயமும் புகையிலையும் வைத்தவர் என்று உனக்குச் சொன்னது நான். அவருக்கு ஒரு பரப்புக் காணிகூட இருக்கவில்லை. அவர் கள்ளுச் சீவினவர். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் காலையில் இருபது பனை, பின்னேரம் அதே இருபது பனை. தளநாரைக் காலில் மாட்டி, இடுப்பில் பாளைக்கத்தியும் முட்டியும் கட்டிக்கொண்டு ஏறுவார்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். ஊரில் எங்களைக் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாத வீடுகள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில்தான் இடம். 1988 இல் பாரிசுக்கு வந்து, ஓர் அறையில் ஒன்பது பேராக இருந்தபோதும், "உங்கட அப்பா என்ன தொழில்?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். தோட்டம் என்று வாயில் வந்துவிட்டது. ஒருமுறை சொன்னால் பிறகு அதையே சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்ல நல்ல நாள் ஒன்று வரட்டும் என்று இருபத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

1994 இல் பத்து நாள் பழம் பறிக்க என்று ஆம்பூய்க்கு வந்தவன் நான். இரண்டு வருடம் கழித்துத்தான் பத்ரோன் என்னை நிலவறைக்குள் விட்டார். அவர் பைக்கற்றில் வாங்கின மதுவம் (ஈஸ்ட்) போடுவதில்லை. தோலில் வந்ததும் நிலவறையில் இருப்பதும் தானாகத் தொடங்க வேண்டும். அந்த வருடம் நாலாம் நாளும் தொட்டி சும்மா கிடந்தது. மேலே குலைகள் அப்படியே, குமிழ் இல்லை. மனுசன் நித்திரை இல்லாமல் நடந்து நடந்து, கடைசியில் பைக்கற் வாங்கப் பக்கத்து ஊரான வியெனுக்குப் போக வாகனத் திறப்பை எடுத்துவிட்டார். நான் தொட்டிப் பலகையில் காதை வைத்தேன். உள்ளே மிக மெல்லிசாக, கோதுமை மாவுப் பையை யாரோ விரலால் அழுத்துகிற மாதிரிச் சத்தம். "தொடங்கிவிட்டது" என்றேன். அடுத்த நாள் விடிய நுரை கட்டியிருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

தெரியும். என் அப்பு, உன் அப்பப்பா, முட்டியை இறக்கினவுடன் காதில் வைத்துத்தான் பார்ப்பார். சுண்ணாம்பு தடவின முட்டி பேசாது, அது கருப்பநீர், பிள்ளைகளுக்கு. தடவாத முட்டி மரத்திலேயே பொங்கத் தொடங்கிவிடும். எந்த முட்டி எவ்வளவு கடுமை என்று சத்தத்திலேயே பிரிப்பார். பழைய முட்டியைத் தேய்த்துக் கழுவ விடமாட்டார், "அதுக்குள்ள இருக்கிறதுதான் வேலைக்காரன்" என்பார். நீ பிறகு மதுவம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிப் பட்டம் வாங்கினபோது, எனக்கு அந்த ஒரு வசனம்தான் நினைவு வந்தது. மண்டபத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

லேபிளை மாற்றச் சொல்லவில்லை. அச்சடித்துவிட்டாய் என்றால் இருக்கட்டும். உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இனி வேலை விஷயம். உன் தொட்டியும் நாலு, ஐந்து நாள் பேசாமல் கிடக்கும். பயந்து கந்தகத்தைக் கூட்டாதே, பைக்கற்றையும் பிரிக்காதே. பழம் சுத்தமாக இருந்தால் பொறு. வினாகிரி மணம் வந்தால் மட்டும் யோசி. தொடங்கினபின் ஒரு நாளைக்கு இரண்டு முறை காலால் மிதி. தோல் மேலே காய்ந்து கிடக்கக் கூடாது. எட்டு வயதில் உன்னைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டேன், திங்கட்கிழமை ஊதாக் காலோடு பள்ளிக்கூடம் போனாயே, உன் ஆசிரியை உனக்கு ஏதோ நோய் என்று வீட்டுக்குப் போன் எடுத்தா. காலுக்குச் சூடு தெரியும், நடுவில் எங்கே கொதிக்கிறது, ஓரத்தில் எங்கே குளிர் என்று. வெப்பமானி ஒரு இடத்தைத்தான் சொல்லும். முப்பது பாகையைத் தாண்டினால் கதவைத் திறந்து இரவுக் குளிரை உள்ளே விடு.

ஆனால் ஒன்று. தனியாக ஒருநாளும் தொட்டிக்குள் இறங்காதே. பொங்குகிற தொட்டிக்கு மேல் காற்று இல்லை, கரியமிலவாயுதான். இங்கே கிழவர்கள் மெழுகுதிரி பிடித்துப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்கமாட்டார்கள். மெழுகுதிரி அணைவதற்கு முன்பே மனிதனுக்குத் தலை சுற்றும். அதனால் அளவு காட்டுகிற கருவி ஒன்று வாங்கு. காசு இல்லையென்றால் நான் போடுகிறேன். பழைய முறை என்று இதில் வீம்பு வேண்டாம்.

சாற்றின் அடர்த்தி 1090 இல் தொடங்கி 995 க்கு வந்தபின்னும் ஒரு கிழமை தோலோடு விட்டுப் பார். தினமும் வாயில் வைத்துப் பார். துவர்ப்பு நாக்கின் நடுவில் இருந்து ஓரத்துக்குப் போகிற அன்று இறக்கு. பிழியும்போது கடைசிச் சொட்டு வரை பிழியாதே. பீப்பா பழையதாகவே இருக்கட்டும், அறுநூறு லீற்றர் கிடைத்தால் நல்லது. புது மரத்தின் வனிலா மணத்துக்குக் கீழே உன் மிளகு மூச்சுத் திணறும். கிழமைக்கு ஒருமுறை நிரப்பு. அடிமண்டியை அவசரப்பட்டு எடுக்காதே. குளிர்காலம் முடிந்து நிலவறை சூடேறும்போது பீப்பாவுக்குள் இன்னொரு முறை சத்தம் கேட்கும். அப்பிள் புளிப்பு பால் புளிப்பாக மாறுகிற நேரம் அது. அதுவரை கந்தகம் தொடாதே. மற்றதெல்லாம் நீ என்னைவிட நன்றாகச் செய்வாய்.

அம்மா பார்சல் கட்டியிருக்கிறா. மிளகாய்த்தூளை உங்கள் சுங்கம் விடுமோ தெரியாது என்று சொல்லியும் கேட்கவில்லை. வறுத்து இடித்தது, விதை இல்லை என்று பைக்கு மேல் பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருக்கிறா.

இப்போது உனக்கும் எங்களுக்கும் நடுவில் சரியாகப் பன்னிரண்டு மணித்தியாலம். தொட்டி தொடங்குகிற நாளில் எந்த நேரமென்றாலும் எடு. என்ன கதைப்பது என்று யோசிக்க வேண்டாம். போனைப் பலகையோடு சேர்த்துப் பிடி, நான் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்
அப்பா